ஓடினவன் பங்கு

அத்தியாயம் 6

"கறி என்ன நிறத்துல இருந்துச்சுங்க?"

சிவரஞ்சனி மேடம் இப்படிக் கேட்டதும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பெற்ற மகனைப் பறிகொடுத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அந்தத் தாயிடம் கேட்கிற கேள்வியா இது? எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பரிமளாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எங்கள் மேடத்துக்கு எப்போது எதைக் கேட்க வேண்டும் என்ற விவஸ்தையே கிடையாது. பன்னிரண்டு வருஷம் உணவுப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து புதுக்கோட்டைக் கறிக்கடைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். பிறகு அந்த வேலையை உதறிவிட்டு, ஊருக்குள் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் சரவணக்குமார். உதவியாளர், டிரைவர், மேடம் திட்ட நினைக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள்.

விஷயம் இதுதான். பரிமளாவின் ஒரே மகன் சிவபிரகாஷ். இருபத்து மூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, அப்பா டிரைவராக இருக்கும் குவைத்துக்கே விசா வாங்கி வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கறம்பக்குடிக்குத் தெற்கே உள்ள இந்த ஊரில், ஆரோக்கியதாஸ் என்பவரின் கடலைக் கொல்லையில் நெஞ்சில் துப்பாக்கி ரவை பாய்ந்து செத்துக் கிடந்தான். சட்டைப் பையில் ஒரு கை நிலக்கடலை.

ஆரோக்கியதாஸ் எதையும் மறைக்கவில்லை. காட்டுப்பன்றி கடலையைத் தோண்டித் தின்கிறதென்று நாட்டுத் துப்பாக்கியோடு காவலுக்குப் போயிருக்கிறார். மூன்று மணிக்குச் சலசலப்பு கேட்டு இருட்டில் சுட்டிருக்கிறார். போய்ப் பார்க்கப் பயந்து வீட்டுக்கு வந்துவிட்டார். விடிந்ததும் அந்தப் பக்கம் போன வெள்ளைச்சாமி, வரப்போரம் ஒரு பன்றி வாயில் கடலையோடு செத்துக் கிடந்ததாகவும், அதை அறுத்து ஊருக்குக் கொடுத்ததாகவும் போலீசில் எழுதிக் கொடுத்தார். புதருக்குள் பையன் கிடந்ததைக் கவனிக்கவில்லையாம். பரிசோதித்த டாக்டர், உயிர் போனது விடிவதற்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டார். முந்தின நாள் ஜெயிலில் ஆரோக்கியதாஸைப் பார்த்தோம். "நான்தான் கொன்னேன், எனக்காக யாரும் அலைய வேணாம்" என்பதற்கு மேல் அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

போலீஸ் அதோடு முடித்துக்கொண்டது. ஊர் அப்படி விடவில்லை. ராத்திரி மூணு மணிக்கு அடுத்தவன் கொல்லையில், பை நிறையக் கடலையோடு செத்தவன் எதற்குப் போயிருப்பான்? களவாங்கத்தான் போயிருப்பான். அந்தப் பேச்சு வாட்ஸ்அப் ஏறிக் குவைத்துக்கும் போய்விட்டது.

"அவங்க அப்பா அடக்கத்துக்கே வரல மேடம்," என்று பரிமளா எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்றே சொல்லியிருந்தார். "களவாங்கப் போன எடத்துல செத்தவனுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லீவு கேக்குறதுன்னு கேட்டாங்க. அழக்கூட இல்ல. அதுக்கப்புறம் போனே எடுக்கல. யாரு சுட்டாங்கன்னு கண்டுபுடிச்சு எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. எம்புள்ள களவாங்கப் போகலன்னு அவங்க அப்பாவுக்குத் தெரியணும். அது போதும்."

அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறோம். மேடம் கறியின் நிறம் கேட்கிறார்.

"அந்த ஞாயித்துக்கிழமை காலையில பன்னிக்கறி வந்துச்சு, சமைச்சேன்னு சொன்னீங்களே. அதைத்தான் கேக்குறேன்," என்றார் மேடம்.

"கறுப்பா இருந்துச்சு. ஈரலாட்டம். செவப்பே இல்ல. கழுவக் கழுவக் கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. நாலு தண்ணி மாத்துனேன்."

"வெந்துச்சா?"

"பன்னி சுருக்கா வேகாதுன்னு பதினோரு விசிலு விட்டேன். அப்பவும் ரப்பராட்டந்தான் இருந்துச்சு. அவனுக்குக் கடவாப்பல்லு வலி. இன்னும் நாலு விசிலு விடுவோம்னு நிக்கயிலதான் தெருவுல சத்தம் கேட்டுச்சு."

அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாத்தையும் சமைச்சிட்டீங்களா?"

"பாதிய உப்பும் மஞ்சளும் தடவி மாடியில உப்புக்கண்டம் போட்டேன். அவன் குவைத்துக்குப் போறப்ப அவங்க அப்பாவுக்குக் குடுத்து விடலாம்னு. அப்பவே மாடியில பாயி மட்டுந்தான் கெடந்துச்சு. டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அடக்கம் முடிஞ்ச மறுநாளு மேல ஒரே நாத்தம். கறி பூரா கெட்டுப் போயிருந்துச்சு. பக்கத்து வீட்டு அழகிதான் அள்ளிக் கொட்டுனா. சித்திரை வெயில்ல உப்புக்கண்டம் நாறி நான் பாத்ததே இல்ல."

"யாரு கொண்டாந்து குடுத்தது?"

"வெள்ளைச்சாமி அண்ணன். எட்டு மணி இருக்கும். கேட்டுல பையை மாட்டிட்டு வண்டிய எடுத்துட்டாங்க. ஊருக்கெல்லாம் குடுத்தாங்களாம்."

"உங்க மகன் வேட்டைக்குப் போறது உண்டா?"

"முன்னால போவான். ரெண்டு வருஷம் முன்னால ஒரு பையனப் பன்னி தொடையில கிழிச்சுருச்சு. அன்னிக்கே எந்தலையில கை வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். அதோட விட்டுட்டான்."

மேடம் எழுந்தார். வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, "வெயிலைப் பாக்காத. ஊருக்கெல்லாம் கறி குடுத்தாராம். எந்தெந்த வீட்டுக்கு வந்துச்சுன்னு கேட்டுட்டு வா" என்றார்.

"நீங்க?"

"நான் கார்ல இருக்கேன். எனக்கு வெயில் ஆகாது."

எனக்கு மட்டும் ஆகுமா என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு ஊரும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு மணி நேரம் தெருத்தெருவாக அலைந்தேன். பக்கத்து வீட்டு அழகியிடம்தான் முதலில் கேட்டேன். "எங்களுக்கு யாரு குடுத்தா? எலும்புகூட வரல" என்றாள். எதிர்வீட்டுக்கும் வரவில்லை. டீக்கடைக்காரர் சிரித்தார், வெள்ளைச்சாமியா, ஊருக்கா என்று. கடைசியில் கணக்குப் பார்த்தால் மூன்று தெருவிலும், பரிமளா வீட்டையும் சேர்த்து, எட்டே எட்டு வீடு. வேர்த்து ஊற்றிக்கொண்டு புளியமரத்தடியில் நின்ற எங்கள் பழைய மாருதியில் போய் விழுந்தேன்.

"மேடம், செத்தது பையன். நீங்க விசாரிக்கிறது பன்னியோட கேஸை."

"பன்னி பொய் சொல்லாது, சரவணா. உயிர் போறதுக்கு முன்னால ஒரு மிருகம் என்ன பாடு பட்டுச்சுன்னு அதோட கறியப் பாத்தா தெரியும்."

"எப்படி?"

"தசைக்குள்ள கொஞ்சம் சர்க்கரைச் சத்து சேமிப்புல இருக்கும். நிம்மதியா மேஞ்சுக்கிட்டு நிக்கயில பொட்டுனு விழுந்துச்சுன்னா அது அப்படியே இருக்கும். செத்தப்புறம் அது புளிப்பா மாறும். அந்தப் புளிப்புதான் கறியச் செவப்பா வச்சிருக்கும், சுருக்காக் கெடாமப் பாத்துக்கும். உயிருக்குப் பயந்து மைல் கணக்கா ஓடுன மிருகத்துக்கு அந்தச் சத்து பூரா ஓட்டத்துலயே தீந்துரும். புளிக்கிறதுக்கு மிச்சம் இருக்காது. கறி கறுத்துப் போகும், கையில ஒட்டும், உப்பு போட்டாலும் தாங்காது. வெவரம் தெரிஞ்ச கறிக்கடைக்காரன் சந்தையிலேருந்து ஓட்டியாந்த ஆட்ட அன்னிக்கே அறுக்க மாட்டான். தண்ணி காட்டி, ஒரு ராத்திரி கட்டிப் போட்டுத்தான் அறுப்பான்."

"அப்ப என் கறி நல்லாச் செவப்பா இருக்கும் மேடம். எதுக்குமே ஓடினதில்ல."

"நம்ம ஆபீஸ் மாடிப்படி ஏறுறதுக்குள்ளயே நீ கறுத்துருவ."

விடுவேனா? "கிழட்டுப் பன்னியா இருந்தா?" என்றேன்.

"கிழடா இருந்தா வேகாது. அதனாலதான் அந்தப் பதினோரு விசில நான் சாட்சியா எடுத்துக்கல. ஆனா கறுப்பு, பிசுபிசுப்பு, அந்த வெயில்ல உப்புக்கண்டம் நாறினது, கிழடுங்கிறதுக்காக இது மூணும் ஒண்ணாச் சேராது."

"ஆரோக்கியதாஸ் சுட்டதுல அடிபட்டு ரொம்ப தூரம் ஓடியிருக்கலாம்ல?"

"ஓடிட்டுத் திரும்பி வந்து, வாயில கடலைய வச்சுக்கிட்டு வரப்புல படுத்துக்கிச்சா?"

மேடமே தொடர்ந்தார். "வெள்ளைச்சாமி பாத்தது செத்துக் கெடந்த பன்னி இல்ல. நாய விட்டுத் துரத்தியிருக்காங்க. புதரும் முள்ளுமா இருக்குற காட்டுல அதை இருட்டுல செய்ய முடியாது. பொழுது கெளம்பினப்புறம்தான். அப்ப மூணு மணி வெடிக்கும் இந்தப் பன்னிக்கும் சம்பந்தமே இல்ல. சரி, உன் கணக்கு என்ன?"

"எட்டு வீடு. எட்டும் வயசுப் பசங்க இருக்குற வீடு." சொல்லும்போதே எனக்கு ஏதோ உறைத்தது. "மேடம், இது ஊருக்குக் குடுத்த கறி இல்ல. பங்குக் கறி."

"அப்படின்னா?"

உணவு விஷயத்தில் மேடத்துக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது அன்றைக்குத்தான். எங்கள் மாமா இலுப்பூர்ப் பக்கம் முயல் வேட்டைக்கு அலைந்தவர். "வேட்டையில ஓடினவனுக்குத்தான் பங்கு. வேடிக்கை பாத்தவனுக்கு எலும்புகூடக் கெடையாது. நாய்க்குத் தனிப் பங்கு. எங்க மாமா ஒரு தடவ காலு சுளுக்கிப் பாதியிலயே வீட்டுக்குத் திரும்பிட்டாரு. நொண்டி நொண்டி அவரு வந்து சேர்றதுக்குள்ள அவரு பங்கு வீட்டுல வந்து கெடந்துச்சு. ஓடினவன் பங்க யாரும் தொட மாட்டாங்க. அது களவ விடக் கேவலம்."

"பரிமளா வீட்டுக்கும் பங்கு வந்திருக்கு," என்றார் மேடம் மெதுவாக. "அந்த வீட்டுலேருந்து ஓடினது யாரு? அந்தம்மாவா?"

குக்கர் முன்னால் நின்று, மகனுக்குப் பல் வலிக்குமே என்று அந்த அம்மா விசில் எண்ணிக்கொண்டிருந்தாரே, அதுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. அவன் ஓடிச் சம்பாதித்த கறியை அவனுக்கே ஆக்கிவைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"வண்டிய எடு," என்றார் மேடம். "வெள்ளைச்சாமிகிட்ட நான் தன்மையாப் பேசுறேன். நீ அவரக் கோபப்படுத்து. ஒனக்கு அது தானா வரும்."

வெள்ளைச்சாமியின் வீடு ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒட்டிய வயிறு, நரம்போடிய கால்கள். எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க. போலீஸ்லயே எல்லாம் சொல்லிட்டேனேம்மா."

"அதுக்கு வரலண்ணே. இந்தப் பக்கம் வேட்டைன்னா உங்க பேரத்தான் சொல்றாங்க. அதான் பாத்துட்டுப் போகலாம்னு," என்றார் மேடம்.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்பத்தான் சட்டம் விடுறதில்லையே."

என் முறை வந்தது. "நீங்க ஒண்ணு மேடம். ஊருக்குள்ள வேற மாதிரியில்ல பேசுறாங்க. வெள்ளைச்சாமிக்கு வயசாயிருச்சாம், இப்பல்லாம் ஓட முடியலயாம், செத்துக் கெடக்குறதப் பொறுக்கியாந்து பங்கு போடுறாராம்."

அவர் முகம் மாறியது. "எவன் சொன்னான்?"

"ராத்திரி எவனோ சுட்டு, வெறச்சுப் போயி, ஈ மொய்ச்சுக் கெடந்த பன்னிய..."

"எவன்டா சொன்னான்னு கேக்குறேன்."

"நீங்கதானே. போலீஸ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"செத்துக் கெடந்தத நான் காலால கூடத் தொட மாட்டேன். முப்பது வருஷமா ஓடுறேன். எங்க நாயி மடக்கி, எங்க கையால விழுகாத எதையும் நான் ஒரு நாளும்..."

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

மேடம் ஒரு அடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "எட்டு வீட்டுக்குப் பங்கு போயிருக்குண்ணே. அதுல ஏழு பேரு உசுரோட இருக்காங்க. எட்டாவது ஆளு பங்க நீங்களே கொண்டு போயி கேட்டுல மாட்டிட்டு வந்தீங்க."

வெள்ளைச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. பொழுது கெளம்ப தைலமரக் காட்டுல பன்னிய எழுப்புனோம். ரெண்டு மைலு ஓடுச்சு. வெளிநாடு போறதுக்குள்ள ஒரே ஒரு வாட்டின்னு கெஞ்சித்தான் அவனும் வந்தான். கொல்லை வரப்புல நாயி மடக்கிருச்சு. நான் சுட்டேன். பன்னி விழுந்துருச்சு. அங்கிட்டுப் புதருக்குள்ள அவன் வந்துக்கிட்டு இருந்தது யாருக்கும் தெரியல."

"ஆளக் காணோம்னு தேடலையா?"

"ஆத்தாளுக்குத் தெரியாம வந்தவன். அவங்க மாடிக்கு வர்றதுக்குள்ள போயிப் படுத்துக்கணும், படுத்துக்கணும்னு வழி பூராச் சொல்லிக்கிட்டே வந்தான். சொல்லாமக் கெளம்பிட்டான்னுதான் நெனச்சோம். அங்கயே போட்டு அறுத்தோம். ஓடினவன் பங்க எப்படி விடுறது? நாந்தான் எடுத்துக்கிட்டுப் போனேன்."

"சட்டைப் பையில கடலை?"

"ஓடுறப்ப வழியில ஒரு செடியப் புடுங்கிப் போட்டுக்குவோம். நா வறண்டா மெல்லுறதுக்கு. எல்லாரு பையிலயுந்தான் இருந்துச்சு."

"பத்து மணிக்குத் தெரிஞ்சப்ப ஏன் சொல்லல?"

"ஆரோக்கியதாஸு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வந்தாரும்மா. ராத்திரி நாந்தான் சுட்டேன், நாந்தான் சுட்டேன்னு. எந்துப்பாக்கிக்கு லைசென்ஸு கெடையாது. அவரு அப்படிச் சொல்லயில நான் வாயத் தெறக்கல. மத்த ஏழு பேரையும் தெறக்க விடல. களவுப் பழி வரும்னு நான் நெனக்கவே இல்ல."

மேடம் போனை எடுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். கேஸ் முடிந்தது, எங்கே சாப்பிடலாம் என்பது மாதிரி. அன்று ஒன்றும் தோன்றவில்லை.

"இரும்மா," என்றார் வெள்ளைச்சாமி. "இன்னொண்ணு இருக்கு. இத அந்த ஏழு பேருகிட்டயும் நான் சொல்லல."

மேடம் போனை இறக்கினார்.

"எங்கிட்ட ஒரு பொட்ட நாயி இருக்கு. எந்த வேட்டையிலயும் கொடலுக்கு மொத ஆளா வந்து நிக்கும். அன்னிக்கு வரல. வரப்புக்கு அங்கிட்டு நின்னு கொலைச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு பன்னி கெடக்கு போலன்னு ஒரு பய சொன்னான். போதும்டா, ஆளு நடமாட்டம் வந்துரும்னு நாந்தான் சொன்னேன். கயிறு போட்டு இழுத்தாந்தேன். வர மாட்டேன்னு காலை ஊனிக்கிட்டு நின்னுச்சு. அடிச்சு இழுத்தாந்தேன்."

"எவ்வளவு நேரம் அங்க இருந்தீங்க?"

"முக்கா மணி நேரம். அம்பது அடி தள்ளி." அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "உசுரு போயிட்டா அது மோந்து பாத்துட்டு வந்துரும்மா. நான் பழக்குன நாயி, எனக்குத் தெரியும். உசுரு இருந்தாத்தான் நின்னு கொலைக்கும்."

அந்த ஆள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்க்கவும் முடியவில்லை. நான் போய்க் காரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

மேடம் இன்ஸ்பெக்டரிடம் பேசி முடித்தார். வெள்ளைச்சாமி, "சட்டைய மாத்திக்கிட்டு வாரேன்" என்று உள்ளே போனார். ஓடிவிடுவாரோ என்று நான் கேட்டேன். மாட்டார் என்றார் மேடம். ஜீப் வந்தது, வெள்ளைச் சட்டையோடு அவரே வந்து ஏறிக்கொண்டார். ஆரோக்கியதாஸிடம் நாளைக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த மனிதராவது இனித் தூங்குவார்.

திரும்பி வருகிற வழியில் மேடம், ஊர் எல்லை வந்ததும், "நாய்க் கதைய அந்தம்மாகிட்ட நான் சொல்லப் போறதில்ல" என்றார்.

"வாக்குமூலத்துல வருமே மேடம்."

"வரட்டும். என் வாயால வராது."

பரிமளா வாசலிலேயே நின்றிருந்தார். ஜீப் போனதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. உள்ளே உட்காரவைத்து மேடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். தைலமரக் காடு, ஓட்டம், வரப்பு, வெடி, பையில் கடலை எப்படி வந்தது, கேட்டில் பை எப்படி வந்தது. அந்தக் கறி யாருடைய பங்கு என்று சொன்னபோது பரிமளா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"களவாங்கப் போகல," என்றார் கடைசியில்.

"போகலங்க. ஓடத்தான் போயிருக்காரு."

"எந்தலையில கை வச்சு சத்தியம் பண்ணிட்டு, எனக்குத் தெரியாமப் போயிருக்கான் களவாணிப் பய." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், சட்டுனு போயிட்டானா?" என்று கேட்டார்.

மேடம் அந்த அம்மாவை நேருக்கு நேர் பார்த்தார். "ஒடனே உசுரு போயிருச்சுங்க. வலி தெரிஞ்சிருக்காது."

பன்னிரண்டு வருஷ சர்வீசில், கெட்டுப்போன ஒரு கிலோ கறியைக்கூட நல்லதென்று எழுதிக் கையெழுத்துப் போடாதவர். எந்த மந்திரி போன் செய்தாலும் மாட்டார். அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அன்றுதான். துளிகூடத் தடுமாறவில்லை.

பரிமளா மேடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க என் மூஞ்சியப் பாத்துச் சொல்றீங்க," என்றார். "தம்பி தரையப் பாக்குறாரு."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரிமளா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பரவால்ல. நீங்க சொன்னதே இருக்கட்டும். வேற எதுவும் எனக்குச் சொல்ல வேணாம்."

போனை எடுத்துக் குவைத்துக்குப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து, விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார்.

"ஏங்க, நாந்தான். நம்ம புள்ள களவாங்கப் போகல. விடிகாலையில வேட்டைக்குப் போயிருக்கான். எனக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லாமப் போயிருக்கான். வெள்ளைச்சாமி அண்ணன் பன்னியச் சுட்டது தெரியாம அவன் மேல பட்டுருச்சு. அவரே போலீஸ்ல ஒத்துக்கிட்டாரு. ஓடுறப்ப மெல்லுறதுக்குத்தான் கடலையப் பையில போட்டிருக்கான். ஊருக்கே தெரிஞ்சிருச்சுங்க. அப்பறம், சட்டுனு போயிட்டானாம். வலி தெரிஞ்சிருக்காதாம். மேடம் சொன்னாங்க. நல்லாத் தெரிஞ்சவங்க அவங்க, பொய் சொல்ல மாட்டாங்க."

விரலை எடுத்தார். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்களும் கிளம்பவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். போன் அடித்தது.

காதில் வைத்தார். அந்தப் பக்கம் பேச்சே வரவில்லை. ஒரு ஆம்பிளை வாய்விட்டு அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. வண்டிச் சத்தமும் ஹாரன் சத்தமும் கூடவே கேட்டன. நடு ரோட்டில் எங்கேயோ நிறுத்தியிருப்பார் போலிருக்கிறது.

"அழுங்க," என்றார் பரிமளா. "ஓரமா நிப்பாட்டிக்கிட்டு அழுங்க. இப்ப யாரு என்ன கேட்டாலும், எம்புள்ள செத்துப் போயிட்டான்னு சொல்லிட்டு அழுங்க."